காருக்குக் கலப்பத்து அடித்த மதினிக்கு

மதினி,

நேற்றுச் சாயங்காலம் உங்கள் தம்பி ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். புதுசு இல்லை, புதுக்கோட்டையில் யாரோ வைத்திருந்து விற்றது. ஆனாலும் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவர் கதவைத் திறந்து, கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தூக்கிப் பிடித்து, "இந்தா, இங்கிட்டு வந்து பாரு, கம்பெனிக்காரன் என்ன வேலை பண்ணியிருக்கான்னு" என்றார். விரிப்புக்கு அடியில், தகரத்தோடு தகரமாக, ஒரு கறுப்பு அட்டை ஒட்டியிருந்தது. தாரில் ஊறிய அட்டை. நாளெல்லாம் வெயிலில் ஓடி வந்த வண்டி. விரிப்பைத் தூக்கியதும் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

"இது ஒட்டுனா ரோட்டுச் சத்தம், இன்ஜின் சத்தம் ஒண்ணும் உள்ள வராதாம்" என்றார் அவர்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை தானாகத் தாடைக்குப் போயிற்று. வாயை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். திறந்தது. அதற்கப்புறம்தான் மூச்சே வந்தது.

"சத்தம் வராத வண்டியைப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா? நல்லா பயந்தாங்கொள்ளியைக் கட்டிவச்சாங்க எனக்கு" என்று சிரிக்கிறார் உங்கள் தம்பி. அவர் அன்றைக்குக் கொழும்பில் இருந்தவர். அவருக்கு எல்லாம் காதால் கேட்ட கதை. கூட இருந்தவர் நீங்கள். நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. இந்தப் பயத்தை இனி யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்த காலம் அது. நான் கறம்பக்குடிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். கோட்டைப்பட்டினத்தில் வாக்கப்பட்டு வந்தபோது கடலைவிட எனக்கு உங்கள் குரல்தான் பயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். கரையில் நின்று நீங்கள் "ஏ புள்ளேய்" என்று ஒரு சத்தம் போட்டால், வலை இழுக்கிறவர்கள் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சினாலும் அதே சத்தம், ஏசினாலும் அதே சத்தம். எது கொஞ்சல், எது ஏச்சு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

உங்கள் தம்பி கொழும்புக் கடைக்குப் போகும்போது, "அக்கா, இவளைப் பாத்துக்க" என்று உங்கள் கையில் என்னை விட்டுவிட்டுப் போனார். நீங்களும் அண்ணனும் எங்கள் வீட்டுக்கே வந்து இருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். படகு கட்டுகிற ஓடாவி, வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள் பேசிவிடுவீர்கள்.

அந்தத் தடவை நமக்குள் சண்டை. எதற்கென்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. கருவாடு காயப்போட்ட இடத்தில் நான் என் சேலையைக் காயப்போட்டுவிட்டேன். அதற்கு நீங்கள் என் பிறந்த வீடு வரைக்கும் போனீர்கள். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அதற்கும் சில நாள் முன்னால் கரையில் உடைத்துப் போட்டிருந்த பழைய படகுப் பலகையில் துருப்பிடித்த ஆணி ஒன்று என் காலில் ஏறியிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறிவிட்டது, மறந்தும் விட்டேன்.

ஒரு நாள் காலையில் எழுந்தால் வாய் திறக்கவில்லை. பல்லும் பல்லும் ஒட்டிக்கொண்டன. நீங்கள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தீர்கள். நான் வாங்கவில்லை, பேசவில்லை. எப்படிப் பேச? நீங்கள் நினைத்தீர்கள், இன்னும் கோபத்தில் இருக்கிறாள் என்று.

"என்னடி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? தொறந்து சொல்லுடி!"

அந்தச் சத்தம் என் காதில் விழுந்த அடுத்த நொடி என் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும்தான் தரையில் இருந்தன. முதுகு பாய்மரம் மாதிரி விறைத்து மேலே ஏறிக்கொண்டு போனது. மதினி, அந்த நோயில் ஒரு கொடுமை உண்டு. புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். உங்கள் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கஞ்சிக் கலயம் உங்கள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு உடம்பு இன்னொரு தடவை வளைந்தது.

அன்றைக்கு அடங்கியது உங்கள் குரல்.

ஆவுடையார்கோவிலிலிருந்து டாக்டர் சைக்கிளில் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி உள்ளே வந்து, என் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனார். நீங்கள் கதவோரம் நின்று அவரிடம் கேட்டதும் அவர் சொன்னதும் எல்லாம் கிசுகிசுப்பு. ஆனால் என் காது அன்றைக்குப் பாம்புக் காது.

"ஆணி குத்துன விஷம்மா. இசிவு நோய். சத்தம், வெளிச்சம், குலுக்கல் மூணும் ஆகாது. பெரிய இசிவா வந்து மூச்சை அடைச்சிருச்சுன்னா அவ்வளவுதான்."

"மருந்து?"

"சீரம் ஊசி புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. வாங்கிட்டு வந்து போட்டுட்டுப் போற காரியம் இல்ல. டாக்டர் பக்கத்துலயே இருந்து நாள்கணக்கா பாக்கணும். ஆனா எப்படிக் கொண்டுபோவீங்க? மாட்டுவண்டின்னா தாங்காது. பஸ்ஸில ஏத்துனா முதல் ஹாரனுக்கே போயிரும்."

"கார்ல?"

"எந்தக் கார்? மரைக்காயர் வீட்டுக் காரா?" டாக்டர் பெருமூச்சு விட்டார். "அதுக்கு பஸ்ஸே தேவலாம்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கார் மீமிசலில் கிளம்பினால் கோட்டைப்பட்டினத்தில் சத்தத்தைக் கேட்டே உலை வைக்கலாம். வந்து சேர்வதற்குள் சோறு வடித்துவிடலாம் என்று தெருவில் கேலி பேசுவார்கள். கதவு ஒரு பக்கம் தாளம் போடும், இன்ஜின் மூடி ஒரு பக்கம். அடிப்பலகை இடுக்கு வழியாக ரோட்டுப் புழுதி உள்ளே வரும். சுற்றுவட்டாரத்தில் வேறு காரும் இல்லை.

நான் இருட்டு அறையில் படுத்திருந்தேன். காதில் பஞ்சு அடைத்திருந்தீர்கள். பஞ்சு என்ன செய்யும்? சத்தம் கட்டில் வழியாக வந்தது, தரை வழியாக வந்தது, எலும்பு வழியாக வந்தது. காக்கை கரைந்தால் பயம். பக்கத்து வீட்டில் உலக்கை போடுவார்களோ என்று பயம். போடாமல் இருந்தால், எப்போது போடுவார்களோ என்று அதைவிடப் பயம். நீங்கள் வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு உலக்கையை நிறுத்தினீர்களாம். நாய்களைப் பிடித்து மீமிசல் பக்கம் விட்டுவிட்டு வரச் சொன்னீர்களாம். பள்ளிவாசலில் போய்ச் சொன்னதும், நம் தெருப் பக்கம் குரல் வராதபடி மறுபக்கம் திரும்பி நின்று பாங்கு சொன்னார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

ஆனால் சொந்தக்காரர்களில் யாரோ, இது பேய்க்கோளாறு என்று உடுக்கை அடிக்கிறவரைக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் வாசலுக்கு வந்ததை நான் அறிந்தேன். உடுக்கையில் கட்டியிருந்த மணி லேசாக ஒரு தடவை அசைந்தது. அதற்கே என் விரல்கள் மடங்கிக்கொண்டன. இனி அடிக்கப் போகிறார், நான் சாகப் போகிறேன் என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட நினைத்தாலும் வாய் வராது. அடி விழவே இல்லை. நீங்கள் பாய்ந்து அவர் கையிலிருந்து உடுக்கையைப் பிடுங்கி, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டீர்களாம்.

"சாமி குத்தம் ஆயிரும்மா" என்றாராம் அவர்.

"ஆகட்டும். சாமி எங்கிட்டவே வரட்டும். சத்தம் போடாம வரச் சொல்லுங்க" என்றீர்களாம்.

அதற்கப்புறம்தான் நீங்கள் அண்ணனைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். "தண்ணி ஒழுகுற படகை அடைக்கிறீங்கள்ல? சத்தம் ஒழுகுற காரை அடைக்க முடியாதா?"

பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துச் சூடாகக் கீல் என்கிற தாரைப் பூசுவதற்கு நம் கரையில் கலப்பத்து என்று பேர். அன்றைக்குக் கோட்டைப்பட்டினத்தில் முதல் தடவையாக ஒரு காருக்குக் கலப்பத்து அடித்தார்கள். மரைக்காயர் வீட்டம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, "வண்டி போனாப் போகுது, பொண்ணு வந்தாப் போதும்" என்று சொன்னதையும், அந்த வீட்டு டிரைவர் காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதையும் நீங்கள் நடித்தே காட்டுவீர்கள். ஊருக்குள் கொண்டுவந்தால் எனக்குக் கேட்கும் என்று காரைத் தெற்கே தென்னந்தோப்புக்கு அப்பால், படகு ஏற்றிவைக்கிற மணலில் நிறுத்தி வேலை பார்த்தீர்கள்.

அந்தக் கதையை நீங்கள் சொல்லிக் கேட்கவேண்டும். கதவின் உள்பக்கத்துத் தோலையெல்லாம் பிரித்து, வெறும் தகரத்தில் கொதிக்கிற கீலைத் தடவி, அதன்மேல் ஈரச் சாக்கை அப்பி, மறுபடி கீல் தடவினார் அண்ணன். காய்ந்ததும் நீங்கள் கைமுட்டியால் தட்டிப் பார்ப்பீர்கள். சந்தையில் பானை வாங்கும்போது தட்டினால் 'ணங்'கென்று கேட்கவேண்டும், அதுதான் நல்ல பானை. அன்றைக்கு உங்களுக்கு வேண்டியிருந்தது கீறல் விழுந்த பானை. 'தொப்'பென்று செத்த சத்தம் வரும்வரைக்கும் விடவில்லை. ஒரு கதவு மட்டும் இன்னும் ணங் என்றது என்று, சாப்பிடப் போன அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டீர்களாம்.

அடிப்பலகை இடுக்கெல்லாம் பஞ்சும் கீலும். அதன்மேல் என்ன போடுவது என்று வந்தபோது கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடந்த கடற்புல்லை அள்ளி வந்தது நீங்கள்தான். கிழிந்த வலைகளில் அதைப் பொதிந்து, தலையணை தலையணையாகக் கட்டி, தரையிலும் சீட்டுக்கு அடியிலும் அடுக்கினீர்கள். அதற்கு மேல் கயிற்றுப்பாய், அதற்கு மேல் இலவம்பஞ்சு மெத்தை. ஜன்னலுக்குப் பழைய பாய்மரத் துணியை இரண்டாக மடித்துக் கட்டியாயிற்று. ஹாரன் வயரைக் காதர் பாய் அறுத்துவிட்டார். இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற தகரத்திலும் கீல் பூசினார்கள். "சூடு ஏறுனா உருகும், பத்திக்கப் போகுது" என்று காதர் பாய் பயந்தார். "பத்துனா நாங்க ரெண்டு பேரும் சேந்து போறோம், நீங்க எறங்கிக்கங்க பாய்" என்றீர்களாம்.

அண்ணன் ஓய்ந்துபோன பிறகும் நீங்கள் ஓயவில்லை. கீல் சட்டியும் துணியுமாகக் காரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறீர்கள். எது ஆடினாலும் அதில் ஒரு துணி, எங்கே ஓட்டை தெரிந்தாலும் அதில் ஒரு பொட்டுக் கீல். கரையில் பிறந்தவளுக்கு ஓட்டை என்றால் அடைக்கவேண்டியது, அவ்வளவுதான். ஓட்டையை விட்டுவைத்த படகு வீடு திரும்பாது.

பொழுது விடிந்ததும் நாலு ஆட்கள் வெறுங்காலோடு வந்து என்னைக் கட்டிலோடு தூக்கினார்கள். மணலில் நடந்தார்கள். தோப்புக்கு அருகில் வந்தபோது கார் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்புகிற சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்று முன்னாலேயே கிளப்பி வைத்திருந்தார் காதர் பாய். வெளியே அது உறுமியது எனக்குத் தெரிந்தது. ஐயோ, இதற்குள்ளா என்று உடம்பு ஒடுங்கியது. என்னை மெத்தையில் இறக்கினீர்கள். பக்கத்தில் நீங்கள் ஏறிக்கொண்டீர்கள். கதவைச் சாத்தினார்கள்.

அந்த ஒரு நொடியை எப்படிச் சொல்வது? கடலுக்குள் தலையை முக்கியது போல இருந்தது. உறுமல் எங்கேயோ போய்விட்டது. எனக்குக் கேட்டது உங்கள் மூச்சு மட்டும்தான்.

வண்டி நகர்ந்தது. இருட்டு. கீல் வாசனை. முன்னால் அண்ணனும் காதர் பாயும். யாரும் பேசவில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் காதர் பாய் வண்டியை நடக்கவிட்டார். ஒவ்வொரு ஊரும் வருவது எனக்குத் தெரிந்தது, வெளியே மனிதச் சத்தம் மங்கலாக, சுவருக்கு அந்தப் பக்கம் போல வரும். மீமிசல் சந்தில் யாரோ மீன் கூவினார்கள். ஆவுடையார்கோவிலில் மாட்டு மணி. ஒவ்வொன்றுக்கும் என் காலில் ஒரு சின்ன இழுப்பு வந்து வந்து போனது. பெரிசாக வரவில்லை. உங்கள் வலது கை என் நெஞ்சில் இருந்தது. அழுத்தாமல், எடுக்காமல், அப்படியே இருந்தது. வாழ்க்கையில் ஒரு நிமிஷம் வாய் மூடி இருந்தறியாதவர் நீங்கள். அவ்வளவு தூரம் ஒரு சொல் இல்லை, ஒரு இருமல் இல்லை.

கீல் வாசனை ஏறிக்கொண்டே போனது. உருகுகிறது, எரியப் போகிறது, வாய் திறக்காமலே வேகப் போகிறேன் என்று எனக்கு ஒரு பயம். அறந்தாங்கி வரும் நேரத்தில் வண்டி திக்கியது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு. எனக்குக் கழுத்து பின்னால் போக ஆரம்பித்தது. பிறகு நின்றே விட்டது.

காதர் பாய் இறங்கிப் போய்க் கம்பி போட்டுச் சுற்றினார். உள்ளே எங்களுக்குத் தூரத்தில் யாரோ மாவாட்டுவது போலத்தான் கேட்டது. பிடிக்கவில்லை. அவர் வந்து கதவை ஒரு விரல் அளவு திறந்து அண்ணனிடம் சொன்னார்.

"பெட்ரோல் ஏற மாட்டேங்குது. டேங்க்ல நெறையா இருக்கு. ஏன்னு தெரியல." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "கேட்டுக்கிட்ட நிக்கிறோம். கேட்டைச் சாத்துறான். ரயிலு வருது" என்றார்.

ரயில்வே கேட். ரயில் கேட்டை நெருங்கும்போது ஊதும். நாலு பேருக்கும் தெரியும். வண்டியைத் தள்ளலாம் என்று அண்ணனும் காதர் பாயும் பின்னால் போனார்கள். ரோடு ஏற்றம், அசையவில்லை. எனக்கு மெத்தைக்கு அடியில், கடற்புல்லுக்கு அடியில், ஒரு அதிர்வு வந்தது. முதலில் முதுகெலும்பில்தான் தெரிந்தது. அப்புறம்தான் காதுக்கு வந்தது.

நீங்கள் என்மேல் கவிழ்ந்தீர்கள். எடை என்மேல் விழாமல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் என் இரண்டு காதையும் பொத்தினீர்கள். உங்கள் முகம் என் முகத்துக்கு மேலே அரைச் சாண் தூரத்தில். ஊதியது ரயில். அத்தனை கீலையும் சாக்கையும் துணியையும் மீறி, உங்கள் கையையும் மீறி, ஊசி மாதிரி ஒரு இழை உள்ளே வந்தது. என் முதுகு எழும்பியது. உங்களையும் சேர்த்துத் தூக்கியது. மூச்சு நின்றது. கண்ணுக்கு முன்னால் உங்கள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தீர்கள். கத்திவிடாமல் இருக்கத்தான் கடித்தீர்கள். கத்தியிருந்தால் நான் இல்லை. உங்கள் வாயோரத்தில் ரத்தம் வந்து என் கன்னத்தில் சொட்டியது. சூடாக இருந்தது.

ரயில் போய் முடிந்தது. முதுகு இறங்கியது. ஒரு இழுப்பு மூச்சு உள்ளே வந்தது. அதன் பிறகும் நீங்கள் கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் பின்னால் காதர் பாய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். மூழ்கி எழுந்தவன் மூச்சு இழுப்பது போல ஒரு நீளமான 'ஸ்ஸ்'. உள்ளங்கை கொஞ்சம் விலகியிருந்ததால் எனக்கும் கேட்டது. அவர் கிசுகிசுத்ததும் கேட்டது.

"இந்த மூடி ஓட்டையை யாரு கீல் வச்சு அடைச்சது? இது வழியாத்தானே டேங்க்குக்குக் காத்து போகணும்? காத்து போனாத்தானே பெட்ரோல் வரும்?"

"நான் அடைக்கல பாய்" என்றார் அண்ணன்.

என் காதோரம் இருந்த உங்கள் கை நடுங்க ஆரம்பித்தது. அதுவரைக்கும் நடுங்காத கை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கடைசி அறையில், கறுப்புத் துணி கட்டிய ஜன்னலுக்குள், பல நாள் கிடந்தேன். வாசலில் நீங்கள் காவல். நர்சம்மாவின் செருப்பைக்கூடக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டீர்கள். கடைசியில் ஒரு நாள் தாடை விட்டது. "மதினி, தண்ணி" என்றேன். நீங்கள் எழுந்தீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். பிறகு அறையை விட்டு, ஆஸ்பத்திரி வாசலை விட்டு, ரோட்டையும் தாண்டிப் போய், அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்று ஒரு குலவை போட்டீர்களாம். போலீஸ்காரர் வந்து என்ன ஏதென்று விசாரித்தாராம்.

ஊர் திரும்பிய பிறகு அந்தக் கதை உங்கள் சொத்தாகிவிட்டது. உடுக்கை, பள்ளிவாசல், கீறல் பானை, கடற்புல் எல்லாவற்றையும் விரித்து விரித்துச் சொல்வீர்கள். ரயில்வே கேட்டுக்கு வரும்போது மட்டும் உங்கள் நாக்கு ஓடும். "கேட்டுக்கிட்ட வண்டி நின்னுருச்சு, ரயிலு போச்சு, கெளம்பிட்டோம்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பீர்கள். நான் குனிந்து மீனைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம் என்னிடம் மட்டும் நீங்கள் சத்தம் போட்டதில்லை. தெருவில் யாரையோ ஏசிக்கொண்டே வருவீர்கள். நம் வாசலில் கால் வைத்ததும் குரல் தாழ்ந்துவிடும். பாத்திரத்தைக் கீழே வைக்கும்போது பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைப்பீர்கள். மதினி திருந்திவிட்டாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அது பயம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்களோ என்று எனக்கு ஒரு பயம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

இன்றைக்குக் காலையில் உங்கள் தம்பி என்னை அந்தப் புதுக் காரில் மீமிசல் வரைக்கும் கூட்டிப்போனார். ஏறுவதற்கு முன்னால் நான் பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகச் சொல்லிப் பார்த்தேன். "என்னத்தடி தேடுற?" என்றார். "காத்துப் போற ஓட்டை தொறந்திருக்கா பாருங்க" என்றேன். ஒரு பார்வை பார்த்தார். கதவைச் சாத்தியதும் கடலுக்குள் தலையை முக்கிய அதே அமைதி. அவர் சந்தோஷமாக ஓட்டுகிறார், எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பாதி வழியில் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். காற்றும் பஸ் ஹாரனும் மீன்காரர் கூவலும் எல்லாம் உள்ளே வந்தன. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏற்றச் சொல்லவில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மத்தியானம், நான் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? குரல் பாதியாகப் போயிருந்தது.

"ஏ புள்ள. அந்த பெட்ரோல் மூடி..."

"தெரியும் மதினி."

"என்னைக்குத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். ஒங்க கை ஆடுச்சு."

எங்கேயிருந்து வந்ததோ, பழைய குரல், கரையில் நின்று கூப்பிடுகிற குரல்:

"அடிப்பாவி மகளே! இத்தன வருசமா என்னையப் பயந்து சாகவிட்டுட்டு, நீ பேசாம மீனு கழுவிக்கிட்டா இருந்த!"

என் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. பழைய பழக்கம். அதைப் பார்த்ததும் நீங்கள் பட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். கண் மட்டும் என்னைப் பார்த்து மிரண்டது. நான் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டேன். "ஒண்ணும் ஆகாது மதினி. சத்தம் போடுங்க. நல்லாப் போடுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துச் சிரித்து இருமினீர்கள். அன்றைக்கு முழுக்க என்னை ஏசித் தீர்த்தீர்கள். கருவாட்டுச் சண்டையைக்கூட விடவில்லை.

அதுதான் உங்களை நான் கடைசியாகச் சத்தமாகக் கேட்டது.

உங்களைக் கூடத்தில் கிடத்தியபோது தெருப் பெண்கள் எல்லோரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். உங்களைப் போன்ற ஒருத்திக்குச் சின்னதாக யார் அழுவார்கள்? எல்லோருமாக ஒரே மூச்சில் குரல் எடுத்தார்கள். வாசலில் பறையும் சேர்ந்து விழுந்தது. வீடே அதிர்ந்தது. நான் உங்கள் தலைமாட்டில் இருந்தேன். நான் அழவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே குனிந்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் உங்கள் காதுகளைப் பொத்தினேன். காது குளிர்ந்திருந்தது.

"அவ காதுக்கு இனி என்னடி கேக்கப்போகுது? கையை எடு புள்ள" என்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

நான் எடுக்கவில்லை மதினி. ரயில் போய் முடியட்டும் என்று காத்திருந்தேன்.